பூச்சிமருந்து: பழி யாருக்கு? பொறுப்பு யாருக்கு?

உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடைக்கு வருகின்றார். மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரிக்கச் சொல்கின்றார். மாதிரி எடுத்து, நான்கு பங்காகப் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகின்றார். சில வாரம் கழித்துத் தபால் வருகின்றது. "பூச்சிமருந்து எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் காணப்படுகின்றது" என்று அதில் இருக்கின்றது. நமக்குத் தூக்கிவாரிப் போடுகின்றது. "நானா வயலில் இறங்கி மருந்து அடித்தேன்? எங்கோ அடித்ததற்கு என்னைப் பிடிப்பதா? பழி ஓரிடம், பாவம் ஓரிடமா?" என்று குமுறுகின்றோம். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசாத மாதம் இல்லை.

இந்தக் குமுறலில் பாதி நியாயம். மறு பாதி நியாயம் அல்ல என்பது அடியேனின் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்து வருபவன் என்ற முறையில், நம்மவர்கள் சிலருக்குக் கசப்பாக இருந்தாலும், மனத்தில் பட்டதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன்.

மருந்தால் வந்த நன்மை

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பூச்சிமருந்தை ஒரேயடியாக விஷம் என்று தூற்றுவது எளிது. ஆனால் நம் கடையில் இன்று ஆண்டு முழுவதும் அரிசியும் பருப்பும் தட்டில்லாமல் கிடைக்கின்றது என்றால், அதில் நல்ல விதைக்கும் உரத்துக்கும் பாசனத்துக்கும் பங்கு உண்டு என்பதுபோல் மருந்துக்கும் பங்கு உண்டு. நெல்லில் புகையான் விழுந்தால் பத்து நாளில் வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்து, எரிந்ததுபோல் ஆகிவிடும். அதைப் பார்த்த தஞ்சாவூர் விவசாயியிடம் போய் 'மருந்தே அடிக்காதே' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 2020ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று வெட்டுக்கிளிகள் மேகம்போல் வந்து இறங்கியபோது, மாலத்தியான் தெளித்துத்தான் பயிரைக் காப்பாற்ற முடிந்தது.

ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடே சாட்சி. இலங்கை அரசு 2021ஆம் ஆண்டு, இரசாயன உரத்தையும் பூச்சிமருந்து முதலானவற்றையும் இறக்குமதி செய்யத் திடீரென்று தடை விதித்தது. விவசாயிக்கு மாற்று வழியும் காட்டப்படவில்லை, போதிய அவகாசமும் தரப்படவில்லை. சில மாதங்களிலேயே, அதே ஆண்டு நவம்பரில், தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் நெல் விளைச்சல் பெருமளவு சரிந்து, அரிசியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிலை வந்துவிட்டது. தேயிலையும் அடி வாங்கியது. அந்நாட்டின் பொருளாதார வீழ்ச்சிக்கு வேறு பல காரணங்கள் உண்டு என்றாலும், இதுவும் ஒரு காரணம். கடையில் சரக்கு இல்லாமல் வரிசையில் நிற்கும் மக்களுக்கு வியாபாரி என்ன பதில் சொல்வான்?

மருந்தால் வந்த தீமை

மறுபக்கத்தையும் பார்ப்போம். இதில் நம் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு கதை இருக்கின்றது. இன்றைய இளம் வணிகர்கள் பலருக்கு அது தெரியாது.

1958ஆம் ஆண்டு கேரளத்தில் கோதுமை மாவில் செய்த பலகாரங்களைச் சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள். மாவில் யாரும் வேண்டுமென்று விஷம் கலக்கவில்லை. கப்பலில் மாவு மூட்டைகளோடு பாரத்தியான் என்ற பூச்சிமருந்தையும் சேர்த்து ஏற்றியிருந்தார்கள். மருந்து கசிந்து மாவில் இறங்கிவிட்டது. நம் கிராமங்களில் 'பாலிடால்' என்று பெயர் சொன்னாலே நடுங்குவார்களே, அதே மருந்துதான். இந்தத் துயரத்துக்குப் பிறகு விசாரணைகளும் ஆலோசனைகளும் நடந்து, 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. இன்று நாடு முழுவதும் பூச்சிமருந்துத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் இதுவே. வணிகர்களே, கவனியுங்கள். இந்தச் சட்டத்துக்குக் காரணமாக அமைந்தது வயலில் நடந்த தவறு அல்ல. சரக்கை ஏற்றி இறக்கியதில் நடந்த தவறு.

பீகாரில் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் சரன் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் மருந்து இருந்தது. மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைத்திருந்ததால் வந்த வினை என்று தெரிய வந்தது. காலி டின்னுக்கும் பழைய சாக்குக்கும் நாம் கொடுக்கும் மரியாதையை நினைத்துப் பாருங்கள்! உரம் வந்த சாக்கில் புளியும், மருந்து வந்த டப்பாவில் எண்ணெயும் வந்து இறங்குவதை நான் கண்ணால் கண்டிருக்கின்றேன்.

கேரளத்தின் காசர்கோடு பகுதியில் முந்திரித் தோட்டங்கள் மீது எண்டோசல்பானை ஹெலிகாப்டரில் இருந்து ஆண்டுக்கணக்கில் தெளித்தார்கள். 2000ஆம் ஆண்டுதான் அது நின்றது. அங்கே பிறந்த குழந்தைகளின் நிலையை நாளேடுகளில் படம் போட்டுக் காட்டியபோது நாடே கலங்கியது. 2011ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017இல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அதே 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் மாண்டு போனார்கள். முகமூடியும் கையுறையும் இல்லாமல் வெறும் உடம்போடு மருந்து அடிப்பவனே முதலில் பலியாகின்றான். நம் தட்டுக்கு வரும் எச்சத்தைப் பற்றிக் கவலைப்படும்போது அவனையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் அடித்தால் அதிகம் விளையுமா?

'மருந்து வேண்டாம்' என்பதும் தவறு, 'அடித்தால்தான் விளையும்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதும் தவறு. இதற்கு இந்தோனேசியா நல்ல உதாரணம். அங்கே நெல்லுக்கு அரசே மானியம் கொடுத்து மருந்து அடிக்க வைத்தது. அடிக்க அடிக்கப் புகையான் குறையவில்லை, பெருகியது. காரணம் என்ன? புகையானைத் தின்று வாழும் சிலந்தியும் பொறிவண்டும் மருந்தில் முதலில் செத்தன. மிஞ்சிய புகையானுக்கு மருந்து பழகிப் போனது. 1986ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகை மருந்துகளை அடிக்கக் கூடாது என்று நிறுத்தியது. விவசாயிகளுக்கு வயலிலேயே பூச்சிகளை இனம் காணும் பயிற்சி கொடுத்தது. மருந்துச் செலவு குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. இலங்கை திடீரென்று நிறுத்தித் தடுமாறியது, இந்தோனேசியா கற்றுக் கொடுத்துக் குறைத்து நிமிர்ந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் அரசும் நாமும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் பங்கு என்ன?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். விவசாயி ஏன் அளவுக்கு மேல் அடிக்கின்றான்? அறியாமை ஒரு காரணம். அவனுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இல்லாதது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது நாம்தான்.

என் மைத்துனர் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கின்றார். ஒருநாள் விடியற்காலை நான் அங்கே இருந்தபோது ஒரு பெரியவர் பத்து மூட்டைக் கத்தரிக்காய் கொண்டு வந்து இறக்கினார். நாலு காயை எடுத்துப் பார்த்த மைத்துனர், இரண்டில் புழு ஓட்டை இருந்ததால் பாதி விலைக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டார். பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மருந்து அடிச்சா விஷம்னு சொல்றீங்க, அடிக்காட்டி சொத்தைன்னு தள்ளுறீங்க. நான் எங்க போவேன் அண்ணாச்சி?"

எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. கத்தரியும் வெண்டையும் சில நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டிய பயிர்கள். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. பல மருந்துகளுக்கு அந்தக் காலம், பறிப்புக்குப் பறிப்பு உள்ள இடைவெளியை விட நீளமானது. அப்படியானால் திங்கட்கிழமை அடித்து புதன்கிழமை பறித்து வியாழக்கிழமை நம் மண்டியில் ஏலம் போகும் காயில் என்ன இருக்கும்? பளபளப்பு இருக்கும். அந்தப் பளபளப்புக்கு நாம் கூடுதல் விலை கொடுக்கின்றோம். சிறு கறை உள்ள காய்க்கும் நியாயமான ஒரு விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தால், விவசாயி ஒரு தெளிப்பைக் குறைத்துக்கொள்வான். வீட்டம்மாக்களுக்கும் நாமே எடுத்துச் சொல்லலாம்.

மிளகாயிலும் இதே கதைதான். 2021-22ஆம் ஆண்டு குண்டூர் பக்கமும் தெலங்கானாவிலும் புதுவகை இலைப்பேன் தாக்கி மிளகாய் பெரும் சேதமடைந்தது. செடி கண்ணெதிரே கருகும்போது கடன் வாங்கிய விவசாயி என்ன செய்வான்? யார் எந்த மருந்தைச் சொன்னாலும் வாங்கி அடிப்பான். அந்த வற்றல்தான் நம் கிட்டங்கிக்கு வருகின்றது.

அந்த மருந்தை விற்றவர் யார்? அவரும் நம் சங்கத்து உறுப்பினரே! பூச்சிமருந்துக் கடை நடத்தும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிராமத்தில் பயிருக்கு டாக்டர் நீங்கள்தான். மருந்து உரிமத்துக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்று இப்போது விதி இருப்பதே இதனால்தான். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தை விவசாயிக்கு விளக்கிச் சொல்லுங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. காத்திருப்புக் காலத்தை வாயால் சொல்வதோடு நிற்காமல் பில்லிலும் எழுதிக் கொடுங்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டே தடை வந்தும், அதன்பிறகும் எத்தனை கத்தரித் தோட்டத்தில் அது தெளிக்கப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

கிட்டங்கியில் நடக்கும் தவறு

வயலை விடுங்கள். நம் கிட்டங்கிக்குள் நடப்பது என்ன? இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கின்றது. ஆனால் சொன்னால்தான் நாலு பேருக்குப் பயன்படும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி சமயம். பாசிப்பயறு அறுபது மூட்டை இருப்பு. வண்டு விழுந்துவிட்டது. எங்கள் தகப்பனார் காலத்து வழக்கப்படி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துணியில் முடிந்து மூட்டைக்கு மூட்டை இடையில் வைத்து ஷட்டரை இறக்கிவிட்டேன். எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று கணக்கு ஏதும் இல்லை. தீபாவளி அவசரம். இரண்டாம் நாளே கடைப் பையனை அனுப்பி மூட்டை எடுத்து வரச் சொன்னேன். போன பையன் பத்து நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அண்ணாச்சி, தலை கிறுகிறுன்னு வருது" என்று சொல்லி வாசலிலேயே வாந்தி எடுத்தான். அன்று இரவு முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் அவன் தாயோடு நான் உட்கார்ந்திருந்தேன். பையன் பிழைத்துக்கொண்டான். பிழைக்காமல் போயிருந்தால் அந்த அறுபது மூட்டைக்கு என்ன விலை?

அந்த மாத்திரை ஈரக் காற்றுப் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவாக மாறுகின்றது. 3 கிராம் மாத்திரை 1 கிராம் வாயுவைத் தரும். முறைப்படி காற்றுப் புகாத உறையால் அட்டியை மூடி, உரிய நாள் வைத்திருந்து, பிறகு நன்றாகக் காற்றோட்டம் விட்டு எடுத்தால் நல்ல பயன் தரக்கூடியது. அரசுக் கிட்டங்கிகளிலும் இதையே பயன்படுத்துகின்றார்கள். ஆனால் இது பொதுமக்களோ கடைக்காரரோ வாங்கி வைக்கும் பொருள் அல்ல. அரசு அமைப்புகளும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தாருமே கையாள வேண்டும் என்பது விதி. 'எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்' என்று சொல்லாதீர்கள். கிடைக்கின்றது என்பதால் சட்டம் அனுமதிக்கின்றது என்று ஆகிவிடாது. உணவுப் பொருள் மீது நேரடியாகப் பூச்சிமருந்து போடக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட புகைமருந்து மட்டுமே விதிவிலக்கு என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கின்றது. பருப்பு மூட்டை மேல் எறும்புப் பொடி தூவுகின்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கீழே கடை, மேலே குடும்பம் என்று வாழ்பவர்கள் நம்மில் ஏராளம். 2024ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிமருந்து வைத்த இரவு, அதன் நெடியில் இரண்டு சிறு குழந்தைகள் இறந்து போனார்கள். மருந்து வைத்தவர்கள் அதையே தொழிலாகச் செய்பவர்கள். அவர்கள் கையிலேயே இந்தக் கதி என்றால் நம் கையில் என்ன ஆகும்?

பழைய முறைகளை நாம் ஏளனமாக நினைக்கத் தேவையில்லை. சரக்கை நன்றாகக் காய வைத்து வாங்குவது, ஈரப்பதம் பார்த்து எடுப்பது, தரையில் படாமல் கட்டை மீது அட்டி போடுவது, சுவரை ஒட்டாமல் இடைவெளி விடுவது, முதலில் வந்த சரக்கை முதலில் விற்பது, பழைய சாக்கை வெயிலில் உதறிப் போடுவது ஆகிய இவற்றிலேயே பாதி வண்டு ஒழியும். துவரைக்குச் செம்மண் கட்டுவதும், தானியத்தோடு வேப்பிலையும் நொச்சியும் போட்டு வைப்பதும் நம் பெரியவர்கள் கண்ட வழிகள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியத்துக்குள் செருகி வைக்கும் பூச்சிப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கின்றது. குழாய்போல் இருக்கும், துளைகள் வழியே வண்டு உள்ளே விழும். வண்டு பெருகும் முன்பே தெரிந்துகொள்ளலாம். இதில் மருந்தே இல்லை.

இன்னொன்று. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைப் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விற்ற பெட்டிக் கடைகள் நம் ஊரில் எத்தனை? அதைத் தின்று மாண்டவர்கள் பலர். 2023ஆம் ஆண்டு தமிழக அரசு அதற்குத் தடை போட்டபோது 'ஐந்து பத்து ரூபாய் வியாபாரம் போயிற்று' என்று முணுமுணுத்தவர்களும் நம்மிடையே உண்டு. அந்த வியாபாரம் போனதே நல்லது. பூச்சிமருந்தை மற்றப் பொருள்களோடு சேர்த்து வைக்காமல் தனி அறையிலோ பூட்டிய தனி அலமாரியிலோ வைக்க வேண்டும் என்பது விதி. 1958ஆம் ஆண்டுக் கப்பலை மறந்துவிட வேண்டாம்.

பில் இல்லாத சரக்கு, துணை இல்லாத பயணம்

சட்டம் நம்மிடம் என்ன எதிர்பார்க்கின்றது? 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் போய், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கின்றது. தனி வரம்பு குறிக்கப்படாத மருந்தாக இருந்தால் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. இது எவ்வளவு என்று நம் கணக்கில் பார்ப்போம். பத்து டன் லாரி பத்து. அந்த நூறு டன் சரக்கில் மொத்தமாக ஒரு கிராம்! கண்ணால் பார்த்தோ மூக்கால் மோந்தோ எந்த வியாபாரியும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வரம்பைத் தாண்டிய சரக்கைத் தின்றவுடன் ஆள் விழுந்துவிடுவான் என்பதும் அல்ல. நாள்பட உடலில் சேர்ந்து கெடுதல் செய்யக் கூடாது என்பதற்காக வைத்த எல்லை அது. ஆனாலும் எல்லை எல்லைதான்.

கண்டுபிடிக்க முடியாததற்கு நாம் எப்படிப் பொறுப்பு? இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கின்றது. நமக்கு விற்றவர் தரம் பற்றி எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும் என்றும், அவர் தரும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும் என்றும் 26ஆம் பிரிவு கூறுகின்றது. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்பவனே பொறுப்பு என்று 27ஆம் பிரிவு கூறுகின்றது. சுருக்கமாகச் சொன்னால், பில் நமக்குக் கேடயம்.

என் அனுபவத்தையே சொல்கின்றேன். ஒரே லாரியில் வந்த மிளகாயை நானும் என் நெடுநாள் நண்பர் ஒருவரும் பிரித்து எடுத்தோம். நான் முழுச் சரக்குக்கும் பில் போட்டேன். அவர் வரிக்குப் பயந்து பாதிக்கு மட்டும் பில் போட்டு, மீதியைத் துண்டுச் சீட்டில் எடுத்தார். இருவர் கடையிலும் மாதிரி எடுத்தார்கள். இரண்டும் தேறவில்லை. நான் பில்லைக் காட்டியதும் விசாரணை எனக்கு விற்றவரை நோக்கிப் போனது. நண்பர் கடையில் மாதிரி எடுத்த மூட்டை, துண்டுச் சீட்டு மூட்டை. மூன்று ஆண்டு அலைந்தார். வரியில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவழித்தார். பில் இருந்தால் எல்லாப் பழியும் பறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பில் இல்லாவிட்டால் நமக்காகப் பேச ஆளே இல்லை என்று சொல்கின்றேன்.

மாதிரி எடுக்கும்போது நமக்குள்ள ஓர் உரிமையையும் பலர் அறிவதில்லை. நான்கு பங்கில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி நாம் அப்போதே கேட்கலாம். பதற்றத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அரசுக்கு நம் வேண்டுகோள்

நம் பக்கத்தைச் சரிசெய்வோம் என்று சொல்லும்போதுதான் அரசிடம் கேட்கும் தகுதி நமக்கு வருகின்றது. 2015ஆம் ஆண்டு கேரள அரசு, தமிழகக் காய்கறிகளில் மருந்து எச்சம் அதிகம் என்று சொல்லி, உரிமமும் பதிவும் இல்லாத வணிகர்களின் சரக்கை எல்லையில் விடமாட்டோம் என்று அறிவித்தது. தமிழகத் தரப்பில் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார்கள். இரு அரசுகளும் மாறி மாறி அறிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது, கேரளத்தை நம்பி நடக்கும் ஒட்டன்சத்திரம் சந்தை வியாபாரிகள் தூக்கமின்றித் தவித்தார்கள். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் நாட்டு மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி விற்பனையை நிறுத்தின. அது வயலில் அடிக்கும் மருந்து அல்ல, கிருமி நீக்கப் பயன்படும் வாயு. ஆனாலும் உடனே நாடு முழுவதும் மசாலா மாதிரிகள் எடுக்கப்பட்டன. எங்கே தவறு நடந்தாலும் அலை வந்து மோதுவது நம் கடைப் படியில்தான்.

ஆகவே அரசுக்கு மூன்று வேண்டுகோள். கடைசிக் கடையில் மட்டும் மாதிரி எடுக்காமல், வயலிலும் மண்டியிலும் மருந்துக் கடையிலும் எடுங்கள். அங்கே பிடித்தால் நூறு கடை தப்பும். எச்சத்தைக் கண்டறியும் ஆய்வுக்கூட வசதி மாவட்டத் தலைநகருக்காவது வரட்டும். விவசாயிக்கு மருந்துக் கடைக்காரரைத் தவிர வேறு ஆலோசகர் இல்லை என்ற நிலையை மாற்ற, வேளாண்மைத் துறையின் காலியிடங்களை நிரப்புங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தனி ஒரு கடைக்காரன் ஆய்வுக் கட்டணம் கொடுத்து மாளாது. ஆனால் ஐம்பது பேர் சேர்ந்து, பருவத்தின் தொடக்கத்தில் மிளகாய், மல்லி, சீரகம், ஏலம் ஆகியவற்றில் ஊருக்கு வரும் முக்கியச் சரக்கை மாதிரி எடுத்து அனுப்பினால் தலைக்குச் சிறு தொகைதான் வரும். கோவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வுக்கூடம் இருக்கின்றது. நறுமணப் பொருள் வாரியத்துக்குச் சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஆய்வுக்கூடம் இருக்கின்றது. எந்தப் பக்கத்துச் சரக்கு சுத்தம், எந்தப் பக்கத்துச் சரக்கு சந்தேகம் என்று நமக்குள் தெரிந்துவிட்டால் கொள்முதல் தானாகத் திசை மாறும். கொள்முதல் திசை மாறினால் விவசாயியின் தெளிப்பானும் திசை மாறும். எந்த அதிகாரியாலும் ஆகாததை ஒரு மொத்த வியாபாரியின் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் செய்துவிடும்.

பூச்சிமருந்து கத்தியைப் போன்றது. காயும் நறுக்கும், கையையும் நறுக்கும். அளவும் காலமும் தெரிந்தவன் கையில் அது பயிருக்குக் காவல். தெரியாதவன் கையில் அது ஊருக்கே கேடு. அந்தக் கை விவசாயியின் கை மட்டும் அல்ல என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

நம் கடையில் வாங்கும் அரிசியையும் பருப்பையும் ஒரு தாய் எந்தச் சோதனையும் செய்வதில்லை. 'அண்ணாச்சி கடைச் சரக்கு' என்று நம்பி உலையில் போடுகின்றாள். அதே மூட்டையிலிருந்துதான் நம் வீட்டு உலைக்கும் போகின்றது. அடுத்த சங்கக் கூட்டத்தில் அதிகாரிகளைப் பற்றிப் பேசும் முன், ஒவ்வொருவரும் தத்தம் கிட்டங்கியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வருவோம்.